எழுதிக் கொடுத்ததால் காணாமல் போன புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: அந்தக் காலத்துச் சிறுவர் நூல்கள் இன்று கடையில் கிடைக்காததற்கு எழுத்தாளர்களின் வாரிசுகள்தான் காரணமாம். தாங்களும் அச்சிடுவதில்லை, கேட்பவர்களுக்கும் கொடுப்பதில்லையாம். உரிமையை யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் பிள்ளைகளாவது படிப்பார்களாம். அவர் திட்டுகிற வாரிசுகளில் நானும் ஒருத்தி. அப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிற பதினோரு பக்க ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகாமல் என் மேசைமேல் கிடக்கிறது. ஆகவே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். 1940, 50களில் புதுக்கோட்டையும் காரைக்குடியும் சிறுவர் இதழ்களுக்குப் பேர்போன ஊர்கள். தெருவுக்குத் தெரு இருந்த சின்ன அச்சகங்களிலிருந்து உள்ளங்கை அகல இதழ்கள் வந்துகொண்டே இருக்கும். 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கிய காலத்தில் அப்பாவும் எழுத ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, மாணவர்களின் நோட்டில் மிஞ்சிய தாள்களில்தான் எழுதுவார். விலங்குக் கதைகள், விடுகதைகள், பள்ளி ஆண்டு விழாவுக்கான ஓரங்க நாடகங்கள், எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் என்று மொத்தம் பதினான்கு சிறு நூல்கள்.

1984இல் காலமானார். பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். 2044 டிசம்பர் வரை அவர் எழுத்துக்கு நாங்கள் பொறுப்பு. (முன்பு இது 50 ஆண்டுதான். 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகள் 1991 முடிவில் அவர் தொடங்கிய விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போக இருந்தபோது 60 ஆக்கினார்கள். கவிகுரு புண்ணியத்தில் புதுக்கோட்டை வாத்தியாருக்கும் பத்து ஆண்டு கூடிற்று.)

நாங்கள் என்றால் திருச்சியில் இருக்கும் அண்ணன், நான், கோயம்புத்தூரில் தங்கை, காலமான தம்பியின் மனைவியும் மகளும். நான்கு பங்கு, ஐந்து கையெழுத்து. ஒரு வீட்டை விற்க எத்தனை பேர் கையெழுத்து வேண்டுமோ அத்தனை பேரும் இதற்கும் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூத்த மகனிடம் மட்டும் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுவிட்டு, பிறகு மகள்கள் கேட்டதும் முழிக்கிற பதிப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாசகருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் அந்தப் பறவைப் புத்தகத்தைப் பற்றியது. பதினான்கில் ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் எண்ணம். 48 பக்கம். முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தன் கதையைத் தானே சொல்லும். எந்த மாதம் வரும், எந்த மரத்தில் அடையும், எதைத் தின்னும் என்பதெல்லாம் கதைக்குள்ளேயே வந்துவிடும். கண்மாய்க்கரையில் நின்று பார்த்து எழுதியது. இன்னொரு புத்தகத்தைப் பார்த்து எழுதியது அல்ல. இப்போது பள்ளிகளில் பறவை நோக்கல் என்று பிள்ளைகளை அழைத்துப் போகிறார்களே, அவர்கள் கையில் கொடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ப் புத்தகம் எனக்குத் தெரியவில்லை. பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெருமை என்று சிரித்தாலும் சரி.

அது ஏன் கிடைக்கவில்லை? அப்பா 1961இல் அதை எழுதிக் கொடுத்துவிட்டார். கீழராஜ வீதியில் இருந்த ஒரு அச்சகக்காரர்தான் பதிப்பாளரும். விலை 75 ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய அந்தத் தாளின் நகல் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நிலம் எழுதும் பத்திரத்தின் வாசகத்தையே அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்: புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது. கேணியும் மரவடையும் (நிலத்தில் நிற்கும் மரங்கள்) மட்டும்தான் பாக்கி. அன்றைக்கு 75 ரூபாய் சின்னத் தொகையில்லை; அந்தப் பணத்தில்தான் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்துச் செலவு நடந்தது. அதனால் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் பதிப்பு ஒன்று வந்தது. பிறகு அச்சகக்காரர் இறந்துவிட்டார். 1970களின் தொடக்கத்தில் அச்சு இயந்திரத்தையும் ஈய எழுத்துகளையும் எடைக்குப் போட்டுவிட்டுக் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. எங்கே போனார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். மதராஸ் என்கிறார் ஒருவர், மலேசியா என்கிறார் இன்னொருவர்.

ஆக, என் அப்பாவின் பெயர் அட்டையில் இருக்கிறது; ஆனால் உரிமை எங்களிடம் இல்லை. உரிமை இருக்கிறவர்களுக்குத் தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து, மறுபதிப்புப் போட அனுமதி கேட்டார். என்னுடையது இல்லாததை நான் எப்படித் தர முடியும் என்றேன். அவர் வெளியே போய் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது: வாரிசு தர மாட்டேன் என்கிறாள். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிட அனுமதி கேட்கச் சட்டத்தில் 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும், மனுப் போட வேண்டும், நிர்ணயிக்கிற தொகையைக் கட்ட வேண்டும். 48 பக்கச் சிறுவர் நூலுக்காக அதையெல்லாம் செய்கிற பதிப்பாளர் யார்? இருக்கிற ஒற்றைப் பிரதியை, கரையான் தின்ற அட்டையோடு, கேட்டு வருகிறவர்களுக்குக் கூடத்தில் உட்காரவைத்துப் படிக்கக் கொடுக்கிறேன். அதற்கு மட்டும் யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

இந்தப் பின்னணியோடுதான் புதிய ஒப்பந்தத்தைப் படித்தேன். அனுப்பியது சென்னைப் பதிப்பகம் ஒன்று. பெயர் வேண்டாம்; புத்தகங்களை நேர்த்தியாகப் போடுகிறவர்கள்தான். மீதிப் பதின்மூன்று நூல்களுக்கும் சேர்த்து ஒரே தவணையில் 60,000 ரூபாய் தருகிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். தமிழ்க் கதைகளுக்கான ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம்.

நான் மாவட்டக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பில்லில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத் தேடிப் பழகிய கண். சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எழுத்தாளருக்குச் சாதகமான நல்ல ஏற்பாடு. ஆனால் அது பத்திரம் மௌனமாக இருக்கும்போதுதான். இந்த ஒப்பந்தம் மௌனமாக இல்லை. பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று தெளிவாகவே சொல்கிறது. அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, நாடகம், திரைப்படம், கார்ட்டூன், விளையாட்டு, கதாபாத்திரங்களின் படம் போட்ட பொம்மை, பென்சில் பெட்டி, செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுப்பது வரை வரிசையாகப் போகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போடும் நேரத்தில் இல்லாத ஊடகத்துக்கு அதைக் குறிப்பிட்டுச் சொல்லாமல் உரிமை மாறாது. அதனால்தான் இப்போது எல்லாவற்றையும் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. புத்தகம் மட்டுமே போடுகிறவருக்குக் கார்ட்டூன் உரிமை எதற்கு? கேட்டேன். "வக்கீல் போட்டுக் குடுத்த ஃபார்மட் மேடம், எல்லாருக்கும் இதேதான்" என்றார்கள்.

கார்ட்டூனை நான் சும்மா பிடித்துத் தொங்கவில்லை. இன்றைக்குச் சிறுவர் கதையில் காசு இருக்கிறதென்றால் அது காணொளியில்தான் இருக்கிறது. என் பேரன் சாப்பிடும்போது பார்க்கிற நரிக்கதைகளில் எழுதியவர் பெயர் என்று ஒன்று வருவதே இல்லை. குரலும் மனிதக் குரல் இல்லை, ழகரம் எல்லாம் லகரம்.

ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது இந்தப் பட்டியல் இல்லை. ஏழாம் பக்கத்தில், ஒரே வரியில், பதிப்புரிமைச் சட்டம் 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று இருந்தது. அதற்கு விளக்கம் எதுவும் கிடையாது. சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், பயன்படுத்தாத அந்த உரிமைகள் காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, என்பதுதான் 19(4). அந்த ஒரு வரியால் பதின்மூன்று புத்தகங்களையும் 2044 வரை அச்சிடாமலே பீரோவில் வைத்திருக்க அவர்களுக்கு உரிமை வந்துவிடுகிறது. அவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. கீழராஜ வீதி அச்சகக்காரரும் அப்படிச் செய்ய நினைத்தவர் இல்லை. அவர் நல்லவர், என்னைப் பார்த்தால் வெட்டுத்தாள் கட்டு கொடுப்பார். செத்துப்போனார், அவ்வளவுதான்.

இன்னொரு ஷரத்தும் உண்டு. நூலில் உள்ள எழுத்தும் படங்களும் எங்களுக்கே சொந்தம், யாராவது வழக்குப் போட்டால் நஷ்டத்தை நாங்களே ஏற்போம் என்று உறுதிமொழி. படங்கள் எங்களுடையவை இல்லையே! வரைந்தவர் வேறொருவர். உரிமை அந்த ஓவியரிடமோ, கூலி கொடுத்து வரையச் சொன்ன பழைய பதிப்பாளரிடமோ இருக்கும். சாப்பிட்டுக் கைகழுவுகிற நேரத்தில் போடுகிற கையெழுத்தில் அடுத்தவர் சொத்துக்கு ஜாமீன் நிற்க முடியுமா?

அண்ணனுக்கு என்மேல் வருத்தம். "இதுல என்னத்தா இருக்கு, ஆடிட் அப்ஜெக்ஷன் மாதிரி கிளறிக்கிட்டு? ராயல்டின்னு வாங்குனா எவ்வளவு தேறும், நீயே கணக்குப் போடு" என்றார். போட்டேன். 120 ரூபாய்ப் புத்தகம், வழக்கமான பத்து சதவீதம், பிரதிக்கு 12 ரூபாய். இப்போதெல்லாம் முன்னூறு பிரதிதான் முதலில் அடிக்கிறார்கள். முன்னூறும் விற்றால் ஒரு புத்தகத்துக்கு 3,600 ரூபாய், பதின்மூன்றுக்கும் சேர்த்து 46,800. நான்கு பங்கு வைத்தால் ஆளுக்கு 11,700, அதுவும் எல்லாம் விற்ற பிறகு. அந்தப் பக்கம் ஆளுக்கு 15,000, கையிலே. தம்பி மனைவிக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். வாய்விட்டுக் கேட்கவில்லை. "நீங்க பாத்துச் சொல்லுங்க அண்ணி" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் அவள் என்ன கேட்க வேண்டும்? வாரிசுகளைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பேராசை இருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்போம்.

நாட்டுடைமைக்கு மனுச் செய்யலாமே என்று தங்கை சொன்னாள். எனக்கும் அதில் விருப்பம் உண்டு. பாரதி 1921இல் மறைந்த பிறகு அவர் எழுத்தின் உரிமைகள் கைமாறி, பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு கட்டத்தில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு தலையிட்டு உரிமைகளைப் பெற்ற பிறகுதான் பாரதி எல்லார் வாயிலும் தடையின்றிப் புழங்க முடிந்தது. அந்த வழியில் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். வேண்டாம் என்றவர்களும் உண்டு. 2009இல் அறிவித்தபோது கண்ணதாசன், சுந்தர ராமசாமி குடும்பத்தினர் ஒப்பவில்லை. நூல்கள் தொடர்ந்து விற்பனையில் இருக்கிற குடும்பங்களுக்கு அது சரியான முடிவாக இருக்கலாம். எங்கள் நிலைமை வேறு. ஒரு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுப்பதா, ஊருக்கே கொடுப்பதா என்றால் நான் ஊர்ப்பக்கம்தான். ஊருக்குக் கொடுத்த புத்தகத்தை ஒருவர் அச்சிடாவிட்டால் இன்னொருவர் அச்சிடுவார்.

ஆனாலும் தயங்குகிறேன். நாட்டுடைமையான நூல்களை இப்போது போடுகிற விதத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்னுரை இருக்காது, எந்த ஆண்டில் முதலில் வந்தது என்ற குறிப்பு இருக்காது, எழுத்துப் பிழை கணக்கில் அடங்காது. அப்பா தன் பிரதிகளில் எல்லாம் ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறார். முதல் பதிப்பில் ஒரு கதையில் நாகப்பாம்பு கிண்ணத்துப் பாலைக் குடித்துவிட்டுப் போகும். அதை அடித்துவிட்டு, "பாம்பு பால் குடிக்காது. பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லக் கூடாது" என்று எழுதி, மாற்றுப் பத்தி ஒன்றும் ஒட்டியிருக்கிறார். நூலகத்தில் இருக்கும் பழைய பிரதியை எடுத்து அச்சடித்தால் பாம்பு மறுபடியும் பால் குடிக்கும். எழுதியவர் பெயரை மறைக்காமலும், அவர் மதிப்புக் கெடும்படி எழுத்தைச் சிதைக்காமலும் காக்கிற உரிமை 57ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுத்த பின்னும் அது போகாது, வாரிசுகளும் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு மலிவுப் பதிப்பின் பின்னாலும் நான் வக்கீலோடு ஓட முடியுமா? அரசுக்கு ஒரு வேண்டுகோள்: நாட்டுடைமை ஆக்கும்போது, ஆசிரியர் கைப்படத் திருத்திய பிரதி இருக்கிறதா என்று வாரிசுகளிடம் கேட்டு வாங்கி, அதையே படியெடுத்து இணையத்தில் ஏற்றுங்கள். செலவு ஒன்றும் அதிகம் ஆகாது. தவிர, நாங்கள் தயார் என்பதாலேயே அரசு எடுத்துக்கொண்டுவிடாது. வரிசையில் பெரிய பெயர்கள் இருக்கின்றன.

பதிப்பகத்துக்கு நான் ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பதில் தமிழில் ஒரே பக்கத்தில் நானே எழுதி, ஐந்து பேரும் பார்த்த பிறகு அனுப்பினேன். உரிமை எங்களிடமே இருக்கும். உங்களுக்குத் தருவது தமிழில் அச்சிட்டு விற்கும் அனுமதி, ஐந்தாண்டுக்கு. பத்து சதவீதம், ஆண்டுக்கு இருமுறை கணக்கு. புத்தகம் தீர்ந்து ஓராண்டுக்குள் மறுபடி அச்சிடாவிட்டால் அனுமதி தானாகவே ரத்து. அப்பா திருத்திய பிரதிதான் மூலம். படங்கள் புதிதாக வரையப்பட வேண்டும், வரைபவர் பெயர் அட்டையில் வர வேண்டும். மற்ற எதுவும் இதில் அடங்காது. முன்பணமாக 20,000 தாருங்கள் என்று கடைசியில் சேர்த்தேன். அதை முழுக்கத் தம்பி வீட்டுக்குக் கொடுப்பதென்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அண்ணன்தான் அதை முதலில் சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறேன், கோபத்தோடு இருந்தாலும்.

பதில் வந்திருக்கிறது. அச்சுக்குச் சரி, முன்பணம் 15,000 என்கிறார்கள். ஒலிநூல் மட்டும் கட்டாயம் வேண்டுமாம், அது இல்லாமல் இப்போது கட்டுப்படியாகாதாம். அது பொய்யென்று நான் நினைக்கவில்லை. கண் தெரியாத பிள்ளைகளுக்கும், தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் ஒலிநூல்தான் வழி. மனிதர் வாசிப்பதாக இருந்தால் இரண்டு ஆண்டுக்குத் தனித்தாளில் தரலாம் என்பது என் யோசனை; தங்கை மூன்று என்கிறாள். "அப்பா இருந்திருந்தா இலவசமாவே குடுத்திருப்பார்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்டு வந்த பிள்ளைக்குத்தான் கொடுத்திருப்பார், பதினோரு பக்கத்துக்கு இல்லை.

பறவைப் புத்தகத்துக்காக உங்கள் நாளிதழிடம் ஓர் உதவி. புதுக்கோட்டை கீழராஜ வீதியில், 1970களின் தொடக்கம் வரை சிறுவர் நூல்கள் வெளியிட்டு வந்த அச்சகக் குடும்பத்தினர் யாராவது இதைப் படித்தாலோ, அவர்களை அறிந்தவர்கள் இருந்தாலோ, ஆசிரியர் முகவரிக்கு ஒரு வரி எழுதினால் போதும், என்னிடம் சேர்த்துவிடுங்கள். பணம் கேட்டு வரவில்லை என்றும் சொல்லிவிடுங்கள். அவர்கள் தாத்தாவோ அப்பாவோ 75 ரூபாய்க்கு வாங்கிய ஒரு நூல் அவர்களிடம் இருக்கிறது. அதை அச்சிட அவர்கள் சம்மதம் வேண்டும். ராயல்டியில் அவர்கள் பங்கை அவர்களுக்கே தருவதாக அந்தப் பள்ளி ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

குடும்ப விஷயம் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூல ஊழியர்,
புதுக்கோட்டை